வெள்ளையணுக்கள் திரும்பிய வாரம்: ஊடுருவும் அஸ்பெர்ஜில்லஸ் தொற்று குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

காய்ச்சல் தணிந்து, இரத்தத்தில் அஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் தடயமும் குறைந்து, மருந்து பலன் தருகிறது என்று மருத்துவர்கள் நம்பத் தொடங்கியிருந்த நேரத்தில், இருபத்தேழாம் நாள் காலை நோயாளி இருமியபோது சளியோடு இரத்தம் வந்தது. அன்று எடுத்த சிடி ஸ்கேனில் வலது நுரையீரலின் புண் முன்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு அகலமாகத் தெரிந்தது. அதே காலையில் வந்த இரத்தப் பரிசோதனையிலோ, பல நாட்களாக நூறுக்கும் கீழே கிடந்த நியூட்ரோபில் வெள்ளையணுக்கள் மூன்றே நாட்களில் மைக்ரோலிட்டருக்கு 1,400 என்ற அளவைத் தொட்டிருந்தன. நோய் முற்றுகிறதா, உடல் தேறுகிறதா என்பதை அன்றைக்குள் முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவை எட்டுவதற்கு, பூஞ்சை செய்யும் அழிவையும் அதை எதிர்க்கும் உடல் செய்யும் அழிவையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஆய்வு அதைப் பற்றியதே.

இங்கே வரும் நோயாளி ஒரு தனி மனிதர் அல்லர். தீவிர மைலாய்டு இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோரிடம் இந்தத் தொற்று வழக்கமாக நடந்துகொள்ளும் விதத்தை வைத்து, கற்பித்தலுக்காக அமைத்த மாதிரி நிகழ்வு இது. வயது, நாட்கணக்கு, பரிசோதனை அளவுகள் ஆகியவை அந்தப் போக்குக்கு ஏற்பக் கொடுக்கப்பட்டவை.

முதல் மூன்று வாரங்கள்

46 வயதுடைய ஆண். நோய் உறுதியானதும் சைட்டரபின் ஏழு நாட்களும் டானோரூபிசின் மூன்று நாட்களும் கொண்ட வழக்கமான தொடக்கச் சிகிச்சை அளிக்கப்பட்டது. ஒன்பதாம் நாள் நியூட்ரோபில் எண்ணிக்கை 500-க்குக் கீழும், பன்னிரண்டாம் நாள் 100-க்குக் கீழும் இறங்கியது. பூஞ்சைத் தடுப்புக்காக முதலிலிருந்தே போசகோனசோல் திரவ மருந்து கொடுக்கப்பட்டு வந்தது. ஆனால் கொழுப்புள்ள உணவோடு சேர்ந்தால்தான் அந்தத் திரவம் குடலில் சரியாக உறிஞ்சப்படும். வாய் முழுவதும் புண்ணாகி, இரண்டு வாய் கஞ்சிக்கு மேல் இறங்காத நிலையில் இருந்தவருக்கு அது எவ்வளவு உறிஞ்சப்பட்டிருக்கும் என்பது பின்னால்தான் தெரிந்தது: தடுப்புக்கு லிட்டருக்கு 0.7 மி.கி. தேவைப்படும் இடத்தில் அவருடைய இரத்தத்தில் 0.3 மி.கி. மட்டுமே இருந்தது. தடுப்பு மருந்து எழுதப்பட்டிருக்கிறது என்பதை வைத்தே தடுப்பு இருக்கிறது என்று எண்ணிவிடுவது இத்தகைய நோயாளிகளிடம் அடிக்கடி நேரும் பிழை.

பதினைந்தாம் நாள் 38.7 டிகிரி காய்ச்சல் கண்டது. பாக்டீரியாவுக்கான பைபெரசிலின்–டாசோபாக்டம் உடனே தொடங்கப்பட்டது. இரத்த வளர்ப்புச் சோதனைகளில் எதுவும் வளரவில்லை. நான்கு நாட்கள் கழிந்தும் காய்ச்சல் விடவில்லை. இருமல் இல்லை, ஆழ மூச்சிழுத்தால் வலப்பக்க மார்பில் ஓரிடத்தில் மட்டும் குத்தும் வலி. ஸ்டெதாஸ்கோப்பில் மூச்சொலி சீராகவே கேட்டது. மார்பு எக்ஸ்ரேயும் தெளிவாக இருந்தது.

அந்தத் தெளிவான எக்ஸ்ரே ஆறுதலுக்குரியது அன்று. நிமோனியாவில் எக்ஸ்ரேயில் வெண்மையாகத் தெரிவதில் பெரும்பகுதி காற்றறைகளுக்குள் வந்து நிரம்பிய வெள்ளையணுக்களும் அவற்றோடு கசிந்த நீருமே. வருவதற்கு வெள்ளையணுக்களே இல்லாதவரின் நுரையீரலில் தொற்று பரவினாலும் நிழல் விழாது, சளி கட்டாது, சீழ் பிடிக்காது. ஆகவே பத்தொன்பதாம் நாள் சிடி ஸ்கேன் எடுக்கப்பட்டது. வலது மேல்மடலில் 2.1 செ.மீ. அளவுள்ள முடிச்சு ஒன்றும், அதைச் சுற்றி நிலவின் பரிவட்டம் போல மங்கலான வளையம் ஒன்றும் தெரிந்தன.

இரத்தத்தில் காலக்டோமன்னன் குறியீடு 1.3 என வந்தது. அஸ்பெர்ஜில்லஸ் வளரும்போது தன் சுவரிலிருந்து உதிர்க்கும் சர்க்கரைச் சேர்மம் அது. மறுநாள் மூச்சுக்குழல் உள்நோக்கி வழியாக அந்த மடலைக் கழுவி எடுத்த நீரில் குறியீடு 4.1. அந்த நீரின் படிவைச் சாயமேற்றி நுண்நோக்கியில் பார்த்தபோது, குறுக்குச் சுவர்கள் கொண்ட மெல்லிய இழைகள் கூர்ங்கோணத்தில் கவடு கவடாகப் பிரிந்து கிடந்தன. அங்கங்கே மேக்ரோஃபேஜ்கள் என்னும் விழுங்கணுக்கள் ஓரிரண்டு இருந்தன. மற்றபடி இழைகளைச் சுற்றிப் பார்வைப் புலம் வெறுமையாக இருந்தது. ஒரு நியூட்ரோபில்கூட ஒட்டியிருக்கவில்லை. இந்த நோயை மாணவர்களுக்கு விளக்க ஒரே ஒரு படம்தான் காட்டலாம் என்றால் நான் இதைத்தான் காட்டுவேன். சில நாட்களில் வளர்ப்புத் தட்டில் சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் அஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் வளர்ந்தது. வழக்கமான மருந்துகளுக்கு அது கட்டுப்படும் வகை என்பதும் உறுதியானது.

வித்து, இழை, இரண்டு காவல்கள்

மட்கும் இலைதழைகளைத் தின்று வாழும் இந்தப் பூஞ்சைக்கு மனித உடல் தேவையே இல்லை. அதன் வித்துகள் 2 முதல் 3 மைக்ரான் அளவே உள்ளவை. மூக்கையும் மூச்சுக்குழல்களையும் கடந்து காற்றறை வரை போய்ச்சேரும் அளவுக்குச் சிறியவை. நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் அவற்றைச் சுவாசிக்கிறோம். பெரும்பாலானோருக்கு அதனால் ஒன்றும் நேர்வதில்லை, காய்ச்சலோ இருமலோ கூட வருவதில்லை. இதில் கவனிக்க வேண்டியது, உடல் அவற்றைக் கொல்கிறது என்பது மட்டுமன்று; ஆரவாரமில்லாமல் கொல்கிறது என்பது.

உறங்கும் வித்தின் மேல் நீர் ஒட்டாத ஒரு புரதப் போர்வை உண்டு. அதன் கீழே மெலனின் அடுக்கு உண்டு. அந்தப் போர்வை இருக்கும்வரை எதிர்ப்பணுக்கள் வித்தைப் பொருட்படுத்துவதில்லை என்பதும், போர்வையை நீக்கினால் உடனே கிளர்ந்தெழுகின்றன என்பதும் 2009-இல் வெளியான ஆய்வில் தெளிவாயின. உடலின் வெப்பத்திலும் ஈரத்திலும் சில மணி நேரத்தில் வித்து ஊதும்போது போர்வை கிழிகிறது; உள்ளே இருந்த பீட்டா குளூக்கன் வெளித்தெரிகிறது. மேக்ரோஃபேஜின் மேற்பரப்பில் உள்ள டெக்டின்-1 என்னும் ஏற்பி அதைப் பற்றிக்கொள்கிறது. இந்த ஏற்பி பீட்டா குளூக்கனை இனங்காண்பது 2001-இல் கண்டறியப்பட்டது. அதிலிருந்து சிக், கார்டு-9 என்ற இடைப்புரதங்கள் வழியாகச் செய்தி அணுவின் கருவை எட்டுகிறது. அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்களும் நியூட்ரோபில்களை வரவழைக்கும் கெமோகைன்களும் சுரக்கின்றன. உள்ளே வரும் ஒவ்வொரு வித்துக்கும் உடல் இப்படிக் கொதித்தெழுந்தால் நுரையீரல் தாங்காது. முளைக்கத் துணிந்த வித்துக்கு மட்டும் எழுவதால்தான் நம்மால் நாள் முழுவதும் அமைதியாக மூச்சுவிட முடிகிறது.

இரண்டு காவல்களில் யார் எதைச் செய்கிறார் என்பதை 1982-இல் வெளியான விலங்காய்வு பிரித்துக் காட்டியது. காற்றறையில் நிலையாகத் தங்கியிருக்கும் மேக்ரோஃபேஜ்கள் வித்துகளை விழுங்கி, உள்ளேயே அமிலத்தாலும் ஆக்சிஜன் வழி உருவாகும் நச்சுகளாலும் கொல்கின்றன. அவற்றிடமிருந்து தப்பி இழையாக நீளும் பூஞ்சையை நியூட்ரோபில்கள் எதிர்கொள்கின்றன. ஸ்டீராய்டு முதல் காவலைத் தளர்த்துகிறது. நியூட்ரோபில் குறைவு இரண்டாம் காவலை இல்லாமலாக்குகிறது.

இழையை விழுங்க முடியாது. பத்துப் பன்னிரண்டு மைக்ரான் அகலமுள்ள நியூட்ரோபிலுக்கு முன்னால் இழை அதைப்போல் பல மடங்கு நீண்டு கிடக்கிறது. ஆகவே நியூட்ரோபில்கள் இழையின் மேல் படிந்து, தங்களிடமுள்ள ஆயுதங்களை வெளியே கொட்டுகின்றன. நாடிபிஎச் ஆக்சிடேஸ் நொதி ஆக்சிஜன் நச்சுகளை உண்டாக்குகிறது. கால்புரோடெக்டின் துத்தநாகத்தையும் மாங்கனீசையும், லாக்டோஃபெரின் இரும்பையும் பிடித்து வைத்துக்கொண்டு பூஞ்சையைப் பட்டினி போடுகின்றன. தேவைப்பட்டால் நியூட்ரோபில் தன் டிஎன்ஏவையே வலையாக விரித்து உயிர்விடுகிறது. 2004-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்த வலை, விழுங்க முடியாத பெரிய எதிரிகளின் முன்னால்தான் அதிகமாக விரிகிறது. இந்த ஆயுதங்களில் எதுவும் பூஞ்சையை மட்டும் தேர்ந்து தாக்கும் கூர்மை உடையது அன்று. பக்கத்திலுள்ள நுரையீரல் திசுவும் சேர்ந்தே வெந்துபோகிறது. இருபத்தேழாம் நாள் நடந்ததைப் புரிந்துகொள்ள இது மனத்தில் இருக்க வேண்டும்.

வெள்ளையணு ஒன்று நோயின் முடிவை நிர்ணயிப்பதை மனிதன் முதலில் கண்டதே ஒரு பூஞ்சை நோயில்தான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 1884-இல் ரஷ்ய உயிரியலாளர் மெச்னிகோவ், டாஃப்னியா என்னும் சின்னஞ்சிறு நீர்வாழ் உயிரின் கண்ணாடி போன்ற உடலுக்குள், ஊசிபோல நீண்ட ஈஸ்ட் வித்துகளை விழுங்கணுக்கள் சூழ்ந்து அழிப்பதைப் பார்த்தார்; அவை வென்றால் டாஃப்னியா பிழைத்தது, ஈஸ்ட் முந்திக்கொண்டால் மடிந்தது. அந்தக் கட்டுரையை வெளியிட்டது ஜெர்மன் நோயியலாளர் விர்கோவின் ஆய்விதழ். அந்த விர்கோவே 1856-இல் மனித நுரையீரலில் அஸ்பெர்ஜில்லஸ் நோயை விவரித்தவர்.

நம் நோயாளியிடம் மேக்ரோஃபேஜ்கள் பெரும்பாலும் தப்பியிருந்தன. திசுவில் தங்கி வாழும் அணுக்களைப் புற்றுநோய் மருந்து அவ்வளவு எளிதில் துடைத்துவிடுவதில்லை. நியூட்ரோபில்களின் நிலை வேறு. எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறக்குறைய பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்களை உருவாக்குகிறது. இரத்தத்தில் அவை தங்கும் காலம் மிகக் குறைவு. மஜ்ஜை உற்பத்தியை நிறுத்தினால் சில நாட்களிலேயே கையிருப்பு தீர்ந்துவிடும். அந்த இடைவெளியில், மேக்ரோஃபேஜிடமிருந்து தப்பிய ஓரிரு வித்துகள் இழைவிட்டு இரத்தக்குழாய்களை நோக்கி வளர்ந்தன. குழாய்ச் சுவரைத் துளைத்த இடத்தில் இரத்தம் உறைந்து அடைத்தது. அடைப்புக்கு அப்பாலிருந்த திசு இரத்தமின்றி மடிந்தது. ஓரங்களில் இரத்தம் கசிந்தது. சிடியில் கண்ட முடிச்சு அந்த மடிந்த திசு, பரிவட்டம் அந்தக் கசிவு. எதிர்ப்பே இல்லாத இடத்தில் பூஞ்சை தனியாக வரைந்த படம் அது.

இருபத்தேழாம் நாள்

போசகோனசோல் எடுத்துக்கொண்டிருக்கும்போதே தொற்று வந்ததால், எந்தப் பூஞ்சை என்று தெரியும்வரை வேறு வகை மருந்தாக லிப்போசோமல் ஆம்போடெரிசின், உடல் எடையில் கிலோவுக்கு 3 மி.கி. வீதம் தொடங்கப்பட்டது. 10 மி.கி. கொடுத்துப் பார்த்த ஒப்பீட்டாய்வில் கூடுதல் பலன் கிடைக்கவில்லை, சிறுநீரகப் பாதிப்புதான் கூடியது. பூஞ்சையின் வகையும் அதன் மருந்துணர்வும் தெரிந்தபின், இருபத்துமூன்றாம் நாள் வோரிகோனசோலுக்கு மாற்றப்பட்டது. 2002-இல் வெளியான ஒப்பீட்டாய்வில் பழைய ஆம்போடெரிசின் பெற்றவர்களில் பன்னிரண்டு வாரங்களுக்குப் பின் உயிரோடிருந்தோர் 58 விழுக்காட்டினர், வோரிகோனசோல் பெற்றவர்களில் 71 விழுக்காட்டினர். அன்று முதல் அதுவே முதன்மை மருந்துகளில் ஒன்றாக இருக்கிறது.

இருபத்துநான்காம் நாள் காய்ச்சல் விட்டது. காலக்டோமன்னன் 1.3-லிருந்து 0.7-க்கும், பின் 0.3-க்கும் இறங்கியது. நியூட்ரோபில் 90, 300, 800, 1,400 என்று நாளுக்கு நாள் ஏறியது. அந்த நான்காம் எண் வந்த அன்றுதான் ஏறக்குறைய 30 மி.லி. இரத்தம் இருமலில் வந்தது. காய்ச்சல் 38.9 டிகிரிக்குத் திரும்பியது; அழற்சியைக் காட்டும் சிஆர்பி 60-லிருந்து 210-க்குத் தாவியது; நிமிடத்துக்கு மூன்று லிட்டர் ஆக்சிஜன் தேவைப்பட்டது. சிடியில் புண் 4 செ.மீ. ஆகியிருந்தது, நடுவிலுள்ள திரளுக்கும் வெளிச்சுவருக்கும் இடையே பிறைநிலா வடிவில் காற்று தெரிந்தது.

மருந்து தோற்றுவிட்டது என்ற கருத்து அன்றைய ஆலோசனையில் வலுவாகவே முன்வைக்கப்பட்டது. மருந்தை மாற்றலாம், எக்கினோகாண்டின் என்னும் இன்னொரு வகைப் பூஞ்சை மருந்தைக் கூடுதலாகச் சேர்க்கலாம், அழற்சியை அடக்க ஸ்டீராய்டு கொடுக்கலாம், அறுவைச் சிகிச்சைக்கு அனுப்பலாம் என்று நான்கு யோசனைகள் எழுந்தன. முடிவுக்கு முன் பார்க்கப்பட்டவை சில. பூஞ்சையின் தடயம் அன்று 0.2 மட்டுமே. வோரிகோனசோல் அளவு லிட்டருக்கு 2.6 மி.கி.; வேண்டியது 1-க்கும் 5.5-க்கும் இடையே. நுரையீரலின் வேறெந்தப் பகுதியிலும் புதிய முடிச்சு இல்லை. சளியில் வந்த அணுக்களில் இப்போது நியூட்ரோபில்கள் நிறைந்திருந்தன; ஒரு வாரத்துக்கு முன் வெறுமையாகக் கிடந்த அதே பார்வைப் புலத்தில் சிதைந்து துண்டான ஓரிரு இழைகள் மட்டும் தென்பட்டன.

எல்லாம் ஒரே திசையைக் காட்டின. திரும்பி வந்த நியூட்ரோபில்கள் மடிந்த திசுவின் ஓரத்தைச் சூழ்ந்து தங்கள் நொதிகளால் கரைக்கின்றன. ஓரம் கரைந்ததால் நடுத்திரள் சுருங்கிப் பிரிகிறது. பிரிந்த இடைவெளியில் காற்று புகுந்து பிறையாகத் தெரிகிறது. கரையும் ஓரத்தில் பூஞ்சை ஏற்கெனவே பலவீனப்படுத்தி வைத்திருந்த குழாய் ஒன்று திறந்துகொண்டதால் இரத்தம் வந்தது. தக்க மருந்து பெற்றுத் தேறும் நோயாளிகளிடமும் முதல் வாரத்தில் புண்ணின் கன அளவு நான்கு மடங்கு வரை பெருகக்கூடும் என்பது வரிசையாகச் சிடி எடுத்துப் பார்த்த ஆய்வுகளிலிருந்து தெரிந்த செய்தி. நியூட்ரோபில் திரும்பும் நாட்களில் புண்ணின் அகலத்தை மட்டும் பார்த்து மருந்தைத் தூக்கி எறிவது தவறு என்பது என் உறுதியான கருத்து. புதிய இடத்தில் புண் தோன்றுவதும், இறங்கிய காலக்டோமன்னன் மறுபடி ஏறுவதும் வேறு செய்தி. அவற்றைக் கண்டால் தயங்கக்கூடாது.

வோரிகோனசோல் அதே அளவில் தொடர்ந்தது. ஸ்டீராய்டு கொடுக்கவில்லை. அது அழற்சியைத் தணிக்கும் என்பது உண்மைதான். ஆனால் மேக்ரோஃபேஜின் கொல்லும் திறனையும் குறைக்கும், போதாததற்கு ஹைட்ரோகார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்த வளர்ப்பில் இந்தப் பூஞ்சை வேகமாக வளர்வதும் ஆய்வகத்தில் காணப்பட்டிருக்கிறது. நியூட்ரோபில் பெருக்கும் ஊசி முன்பே தொடங்கப்பட்டிருந்தால் அதை அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். நல்லவேளையாக அது தொடங்கப்பட்டிருக்கவில்லை. உயிருக்கு உடனடி ஆபத்து இரத்தப்போக்கிலிருந்துதான் என்பதால் கவனம் அங்கே திரும்பியது. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 18,000 மட்டுமே இருந்தன. ஏற்றி 50,000-க்கு மேல் வைக்கப்பட்டன. கசியும் இரத்தம் நல்ல நுரையீரலுக்குள் வழிந்துவிடாதபடி நோயாளி வலப்பக்கம் கீழாக ஒருக்களித்துப் படுக்க வைக்கப்பட்டார். புண்ணுக்கும் பெரிய நுரையீரல் தமனிக்கும் இடையே தெளிவான இடைவெளி இருப்பது சிடியில் அளந்து பார்க்கப்பட்டது. தேவைப்பட்டால் தமனியை அடைப்பதற்கும் மடலை அகற்றுவதற்கும் உரியவர்கள் ஆயத்தமாக இருந்தார்கள். தேவைப்படவில்லை. முப்பதாம் நாள் இரத்தம் நின்றது. முப்பத்துமூன்றாம் நாள் காய்ச்சலும் ஆக்சிஜன் தேவையும் நீங்கின.

வேறு உடல், வேறு ஓட்டை

இதே பூஞ்சை வேறொருவரின் உடலில் வேறு நோயாகவே தோன்றும். ஸ்டீராய்டு பெறுபவரிடம் நியூட்ரோபில்கள் ஏராளமாக இருக்கும், ஆனால் வித்துகளைக் கொல்லும் முதல் காவல் தளர்ந்திருக்கும். எலிகளில் செய்த ஒப்பீட்டில், நியூட்ரோபில் இல்லாதவை இழைகள் திசுவெங்கும் படர்ந்ததால் இறந்தன. ஸ்டீராய்டு பெற்றவற்றிலோ இழைகள் குறைவு, அழற்சியே நுரையீரலை அழித்தது. நாள்பட்ட கிரானுலோமா நோயுடன் பிறந்தவர்களிடம் நியூட்ரோபில்கள் இருக்கும், ஆக்சிடேஸ் நொதி மட்டும் வேலை செய்யாது. அந்த நொதி பூஞ்சையைக் கொல்வதோடு அழற்சியை உரிய நேரத்தில் அடக்கவும் உதவுவதால், அது இல்லாதவருக்குக் கொல்லும் திறனும் போகிறது, கடிவாளமும் போகிறது. அத்தகையவர் மட்கிய இலைக்குவியலைக் கிளறிவிட்டுச் சில நாட்களில் இரு நுரையீரலும் அழன்று மூச்சுத் திணறி வருவது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. அங்கே பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். நம் நோயாளிக்கு மறுத்த மருந்தே அவருக்கு உயிர் காக்கும்.

கார்டு-9 புரதம் பிறவியிலேயே குறைபட்டவர்களுக்கு அஸ்பெர்ஜில்லஸ் நுரையீரலை விட்டுவிட்டு வயிற்றையும் மூளையையும் தாக்குவதுண்டு. கேண்டிடா என்னும் வேறொரு பூஞ்சை மூளையைத் தாக்குவதும் உண்டு. நுரையீரலுக்கு நியூட்ரோபிலை வரவழைக்கும் வேறு வழிகளும் இருக்கின்றன, மற்ற உறுப்புகளுக்கு அந்த வசதி இல்லை என்றே இதற்குப் பொருள் கொள்ள வேண்டியிருக்கிறது. எச்ஐவியில் சிடி-4 என்னும் வகை வெள்ளையணுக்கள் குறையும்போது வாயில் கேண்டிடா படர்கிறது, மூளையுறையைக் கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சை தாக்குகிறது; ஆனால் நியூட்ரோபில்கள் இருக்கும்வரை கேண்டிடா இரத்தத்தில் பரவுவது அரிது. நீரிழிவில் இரத்தம் அமிலமாகும்போது புரதப் பிடியிலிருந்து இரும்பு விடுபடுகிறது, விழுங்கணுக்களும் மந்தமாகின்றன; அந்த நிலையைப் பயன்படுத்திக்கொள்வது மியூகர் என்னும் பூஞ்சை இனம். எந்தப் பூஞ்சை வந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எதிர்ப்பாற்றலில் ஓட்டை எங்கே என்பதை ஓரளவு ஊகிக்கலாம். ஓட்டை தெரிந்திருந்தால் எந்தப் பூஞ்சையை எதிர்பார்க்கலாம் என்பதும் புலப்படும்.

பின்னர்

ஆறாம் வாரச் சிடியில் புண் 1.8 செ.மீ. அளவுள்ள மெல்லிய சுவர் கொண்ட வெற்றறையாகச் சுருங்கியிருந்தது. புற்றுநோய் கட்டுக்குள் வந்திருந்ததால் அடுத்த சுற்றுச் சிகிச்சையைத் தள்ளிப்போடவில்லை. வோரிகோனசோலை நிறுத்தாமலே அது கொடுக்கப்பட்டது. நியூட்ரோபில்கள் மறுபடி காணாமல்போன நாட்களில் காலக்டோமன்னன் வாரம் இருமுறை பார்க்கப்பட்டது, ஏறவில்லை. அதன்பின் சகோதரியிடமிருந்து பெற்ற குருத்தணுக்கள் செலுத்தப்பட்டன. பூஞ்சையை இனங்காண உதவும் பென்ட்ராக்சின்-3 புரதத்துக்கான கொடையாளியின் மரபணுவில் உள்ள ஒரு மாறுபாடு, அவரது அணுக்களைப் பெறுபவருக்கு அஸ்பெர்ஜில்லஸ் தொற்று வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆயினும் கொடையாளியைத் தேர்ந்தெடுக்க அந்தச் சோதனை வழக்கமாகப் பயன்படுவதில்லை, இங்கும் பயன்படுத்தவில்லை. வோரிகோனசோல், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தான டாக்ரோலிமஸின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும் என்பதால் டாக்ரோலிமஸ் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தே தொடங்கப்பட்டது.

குருத்தணுக்கள் செலுத்தியதிலிருந்து பதினெட்டாம் நாள் புதிய மஜ்ஜை நியூட்ரோபில்களைத் தரத் தொடங்கியது. இம்முறை காய்ச்சலும் இல்லை, இரத்தமும் இல்லை. கரைப்பதற்கு அங்கே அதிகம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. ஐம்பதாம் நாளையொட்டித் தோலில் தடிப்பும் வயிற்றுப்போக்குமாகக் கொடையணுக்களின் எதிர்வினை தலைகாட்டியதால் ஸ்டீராய்டு தொடங்க வேண்டியதாயிற்று. நியூட்ரோபில் எண்ணிக்கை அன்று 3,200. இரண்டாம் காவல் நிறைவாக இருந்தது, இப்போது தளர்வது முதல் காவல். ஆகவே நிறுத்தத் திட்டமிட்டிருந்த வோரிகோனசோல் நிறுத்தப்படவில்லை. அதன் இரத்த அளவு அன்று மாலையே மறுபடி பார்க்கப்பட்டு, இரண்டு வாரத்துக்கொருமுறை சிடி எடுப்பதென்று குறிப்பேட்டில் எழுதப்பட்டது.